மோயாற்றுக்குத் திரும்பும் பாறுக் கழுகுகள்

பாறுக் கழுகு என்பது இறந்த விலங்குகளின் உடலை உண்டு வாழும் பெரிய பறவையாகும். பிணந்தின்னிக் கழுகு என்றும் இதனை அழைப்பர். ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்தியாவின் ஊர்ப்புறங்களில் கூட்டம் கூட்டமாகக் காணப்பட்ட இப்பறவை, 1990களில் தொடங்கிய பேரழிவில் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்துபோனது. தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பாறுகளின் மிகப் பெரிய கூட்டம் நீலகிரி மலைக்கு வடக்கே ஓடும் மோயாற்றின் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த காடுகளிலும் வாழ்கிறது. 2023 முதல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் இங்குள்ள பாறுகளின் எண்ணிக்கை தொடர்ந்து கூடுதலாகப் பதிவாகியுள்ளது. இப்பறவைகள் எவ்வாறு மறைந்தன, ஓர் ஆற்றங்கரையில் மட்டும் எவ்வாறு பிழைத்தன, மதுரை போன்ற சமவெளிகளுக்கு அவை திரும்ப என்ன தேவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் இனங்களும்

மக்கள் பேச்சில் வானத்தில் வட்டமிடும் பெரிய பறவைகள் எல்லாமே கழுகு அல்லது பருந்து என்றே சொல்லப்படுகின்றன. உண்மையில் இவை வேறுவேறு. கழுகு உயிருள்ள இரையைக் கால் நகங்களால் பற்றிக் கொல்லும். பாறுக்கு அத்தகைய பிடிக்கும் நகங்கள் இல்லை. அது வேட்டையாடுவதில்லை, தானாக இறந்த அல்லது பிற விலங்குகளால் கொல்லப்பட்ட உடல்களையே தின்கிறது. உடலுக்குள் தலையை நுழைத்து உண்ணும்போது அழுக்கு ஒட்டாதவாறு பல பாறு இனங்களின் தலையும் கழுத்தும் இறகின்றியோ மெல்லிய தூவியுடனோ அமைந்துள்ளன.

சங்க இலக்கியத்தில் பாறு, எருவை, கழுகு ஆகிய மூன்று சொற்களும் வருகின்றன. போர்க்களத்தையும் பாலை நிலத்தையும் பாடிய புலவர்கள் இப்பறவைகளை நன்கு அறிந்திருந்தனர். காலப்போக்கில் கழுகு என்ற பொதுச்சொல்லே நிலைத்துவிட, பாறு என்ற சொல் வழக்கொழிந்தது. அண்மைக் காலத்தில் பறவை ஆர்வலர்கள் அச்சொல்லை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்துள்ளனர்.

இந்தியாவில் ஒன்பது பாறு இனங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் வாழ்பவை நான்கு:

1. வெண்முதுகுப் பாறு: கூட்டமாக வாழும், உயரமான மரங்களில் கூடு கட்டும்.
2. கருங்கழுத்துப் பாறு: செங்குத்தான பாறை முகடுகளில் கூடு வைக்கும்.
3. செந்தலைப் பாறு: சிவந்த தலை உடையது; பெரும்பாலும் இணையாகவோ தனியாகவோ காணப்படும்.
4. மஞ்சள்முகப் பாறு: இவற்றுள் சிறியது, வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்டது.

இவற்றுள் முதல் மூன்றும் அழிவின் விளிம்பில் உள்ளவை என்றும், நான்காவது அழியும் அபாயத்தில் உள்ளது என்றும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் குறிக்கப்பட்டுள்ளன.

கோயில்களும் கழுகுகளும்

தமிழகத்தில் ஊர்ப்பெயர்களிலும் தலபுராணங்களிலும் இப்பறவைக்கு இடம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில், சடாயுவின் அண்ணனான சம்பாதி முருகனை வழிபட்டதாகத் தலவரலாறு கூறுகிறது. சடாயுவோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் புள்ளிருக்குவேளூர் என்பது இன்றைய வைத்தீஸ்வரன்கோயில்.

இவற்றுள் வரலாற்று முக்கியத்துவம் மிக்கது செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றும் இதற்குப் பெயர். வேதகிரீஸ்வரர் கோயில் அமைந்த மலைமீது நாள்தோறும் நண்பகலில் இரண்டு பறவைகள் வந்து, அர்ச்சகர் அளிக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. சாபம் பெற்ற முனிவர்கள் எண்மர் யுகத்துக்கு இருவராகக் கழுகு உருவில் வந்து இறைவனை வழிபடுகின்றனர் என்பது தலபுராணம். பறவையியல் நோக்கில் அவை மஞ்சள்முகப் பாறுகள். இறைச்சி மட்டுமன்றிப் பிற உணவுகளையும் ஏற்கும் இயல்பு இந்த இனத்துக்கு உண்டு.

1990களின் இறுதியில் அவ்விரு பறவைகளும் வருவது நின்றுபோனது. கலி முற்றியதால் வரவில்லை என்று பக்தர்கள் பேசிக்கொண்டனர். ஆனால் அதே ஆண்டுகளில் கோயிலோ புராணமோ இல்லாத ஆயிரக்கணக்கான ஊர்களிலும் பாறுகள் வருவது நின்றிருந்தது. அங்கே அதைக் குறித்துவைக்க ஒருவரும் இல்லை. அவ்வகையில் திருக்கழுக்குன்றம் தமிழ்நாட்டில் ஒரு பறவையின் மறைவைப் பொதுமக்கள் கண்ணெதிரே கண்ட அரிய இடமாகிறது.

வீழ்ச்சி

1980களில் இந்தியாவில் சுமார் நான்கு கோடிப் பாறுகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. உலகில் மிகுதியாகக் காணப்பட்ட பெரிய இரைகொல்லி வகைப் பறவைகளுள் வெண்முதுகுப் பாறும் ஒன்றாக அப்போது கருதப்பட்டது. இதற்குக் காரணம் நம் கால்நடை வளர்ப்பு முறை. ஏர் உழவும் பால் கறக்கவும் வளர்த்த மாடுகள் மூப்பில் இறந்தால் அவற்றை ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவர். தோல் உரிக்கப்பட்ட பின் எஞ்சியதைப் பாறுகள் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். இதற்காக யாரும் அவற்றுக்குக் கூலி தரவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

இராசத்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில்தான் வீழ்ச்சி முதலில் முறையாகப் பதிவானது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாசு அங்கு 1987-88இல் 353 இணைகள் கூடு கட்டியதைக் கணக்கிட்டிருந்தார். 1996-97இல் மீண்டும் எண்ணியபோது 150 இணைகளே இருந்தன. கழுத்து தொங்கிய நிலையில் மரக்கிளைகளில் அமர்ந்திருந்த பறவைகள் சில நாட்களில் இறந்து விழுந்தன. 1999இல் அவர் இதனை வெளியிட்டார். பின்னர் நாடு முழுவதும் சாலைவழி எடுத்த கணக்கெடுப்புகள், 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்துவிட்டதைக் காட்டின. ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது. கருங்கழுத்துப் பாறும் அதற்கு நெருக்கமான இன்னோர் இனமும் சுமார் 97 விழுக்காடு குறைந்தன.

காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

தொடக்கத்தில் ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் கருதினர். பூச்சிக்கொல்லி, உணவுப் பற்றாக்குறை ஆகியவையும் ஆராயப்பட்டன. எதுவும் பொருந்தவில்லை.

விடை பாகிசுத்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்சு தலைமையிலான ஆய்வுக் குழு அங்கு இறந்த பறவைகளின் உடலைத் திறந்து பார்த்தது. பெரும்பாலானவற்றின் ஈரல், இதயம் முதலிய உள்ளுறுப்புகள்மீது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு இருந்தது. சிறுநீரகம் செயலிழந்தால் வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் இவ்வாறு படியும். சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்று தேடியபோது டைக்ளோஃபினாக் என்ற மருந்து சிக்கியது. 2004இல் இம்முடிவு நேச்சர் ஆய்விதழில் வெளியானது.

டைக்ளோஃபினாக் மனிதர்களுக்கு மூட்டுவலி, முதுகுவலி ஆகியவற்றுக்குத் தரப்படும் சாதாரண வலிநிவாரணி. 1990களின் தொடக்கத்தில் இது மலிவு விலையில் மாட்டு மருந்தாகவும் பரவியது. காய்ச்சல் கண்ட மாட்டுக்கும் மடிவீக்கம் வந்த மாட்டுக்கும் இந்த ஊசியைப் போட்டனர். மாடு பிழைத்தால் சிக்கல் இல்லை. ஊசி போட்ட சில நாட்களுக்குள் அது இறந்து பாறுகள் அதைத் தின்றால், உடலில் தங்கியிருக்கும் சிறிதளவு மருந்தே அவற்றைக் கொல்லப் போதும்.

எல்லா மாடுகளுக்கும் இம்மருந்து போடப்படவில்லையே, நாடு முழுவதும் பறவைகள் எப்படி அழியும் என்ற ஐயம் எழலாம். நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சி நிகழும் என்று கணக்கீடுகள் காட்டின. ஒரு மாட்டைத் தின்னப் பல பத்துப் பறவைகள் ஒன்றுகூடும். ஒரே பந்தியில் அத்தனையும் இறக்கும். அடுத்த பந்தி வேறொரு மாட்டில். ஆண்டு முழுவதும் எங்கெங்கோ பறந்து உண்ணும் பறவை என்றாவது ஒருநாள் அந்த ஒரு விழுக்காட்டைச் சந்தித்தே தீரும்.

மறைவின் விலை

பாறுகளின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் நோய்க் கிருமிகள் உட்படப் பலவற்றை அது அழிக்கவல்லது. பாறுகள் இல்லாமற்போனதும் ஊர்ப்புறத்துப் பிணங்கள் அழுகி நீர்நிலைகளைக் கெடுத்தன; தெருநாய்கள் பெருகின. 1992 முதல் 2006 வரையிலான காலத்தை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் பெருக்கத்தால் 47,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக வெறிநாய்க்கடி நோயால் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2024இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் விரிவானது. பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் முன்பே குறைவாக வாழ்ந்த மாவட்டங்களையும் அது ஒப்பிட்டது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 இலட்சம் மனித உயிரிழப்புகள் பாறுகளின் மறைவோடு தொடர்புடையவை என்பது அதன் முடிவு. மும்பையில் இறந்தோரின் உடலை அமைதிக் கோபுரங்களில் பறவைகளுக்கு அளிக்கும் பார்சி மக்களின் நூற்றாண்டுகால வழக்கமும் தடுமாறியது.

தடைகள்

2006ஆம் ஆண்டு மே மாதம் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்திய அரசு தடைசெய்தது. அதே ஆண்டில் மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் டோல்ஃபினாமிக் அமிலமும் பாதுகாப்பானது என்று கண்டறியப்பட்டது.

ஆயினும் தடை ஒரு கதவைத்தான் மூடியது. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் கடைகளில் தொடர்ந்து கிடைத்தது. ஒருவருக்கு ஒருமுறை போட 3 மில்லி லிட்டரே போதும் என்னும்போது, 30 மில்லி லிட்டர்க் குப்பிகள் விற்கப்பட்டன. அவை பெரும்பாலும் மாடுகளுக்கே போய்ச் சேர்ந்தன. இதனால் 2015 சூலையில் பல தவணைக் குப்பிகளைத் தடைசெய்து, ஒருமுறை பயன்படுத்தும் 3 மில்லி லிட்டர் அளவை மட்டும் நடுவண் அரசு அனுமதித்தது. மருந்து நிறுவனங்கள் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. பாறுகளின் வரலாற்றில் தமிழ்நாட்டு நீதிமன்றத்துக்கும் இவ்வாறு ஓர் இடம் உண்டு.

டைக்ளோஃபினாக் விலகிய இடத்தை வேறு மருந்துகள் பிடித்தன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்வது ஆய்வில் தெரிந்தது. நீலகிரி, ஈரோடு, கோயம்புத்தூர் மாவட்டங்களில் கால்நடைகளுக்குக் கீட்டோபுரோஃபென் பயன்படுத்துவதைத் தமிழ்நாடு அரசு முன்னதாகவே நிறுத்தியது. 2023 சூலையில் இவ்விரு மருந்துகளையும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து நாடு முழுவதும் நடுவண் அரசு விலக்கியது. 2024இன் இறுதியில் நிமெசுலைடும் அப்பட்டியலில் சேர்ந்தது. முதல் தடைக்கும் இதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

மோயாற்றுப் பள்ளத்தாக்கு

மோயாறு நீலகிரியில் தோன்றி, முதுமலைக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் இடையே எல்லையாக ஓடி, ஆழமான பள்ளத்தாக்கைக் கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலக்கிறது. இருபுறமும் முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர் புலிகள் காப்பகங்கள் உள்ளன. அருகிலேயே கேரளத்தின் வயநாடு காட்டுயிர்ச் சரணாலயம். மூன்று மாநிலங்களின் காடுகள் இங்கே ஒன்றாக இணைகின்றன.

நாடெங்கும் அழிந்த பறவை இங்கு மட்டும் பிழைத்ததற்கு உணவே முதற்காரணம். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை கொன்று தின்ற கடமான், புள்ளிமான், காட்டெருது ஆகியவற்றின் மிச்சத்தில் மாட்டு மருந்து இருக்காது. இரண்டாவது காரணம் ஆறு. சீகூர்ப் பகுதியில் சிறியூர், ஆனைக்கட்டி போன்ற இடங்களில் ஓடைக்கரைகளில் வளரும் உயர்ந்த நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. வறண்ட முட்காட்டின் நடுவே அத்தனை உயரமான மரங்கள் ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டித்தான் கிடைக்கும். மூன்றாவது, நீலகிரிச் சரிவின் பாறை முகடுகள். கருங்கழுத்துப் பாறுகளுக்கு அவை வீடு.

இருப்பினும் இது முற்றிலும் பாதுகாப்பான இடமன்று. பள்ளத்தாக்கிலும் அதன் ஓரங்களிலும் ஊர்கள் உள்ளன. பட்டி மாடுகள் மேய்கின்றன. மாட்டைப் புலி அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அதன் உடலில் பூச்சிக்கொல்லி தடவிவைப்பதும் நடப்பதுண்டு. புலிக்கு வைத்த நஞ்சை முதலில் உண்பது பாறே. எனவே மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைப்பதும் பறவைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் அடர்ந்து பரவுவது இன்னொரு இடையூறு. கனத்த உடல் கொண்ட பாறு மேலெழும்ப ஓடுதளம்போல் திறந்த வெளி வேண்டும். புதர் மண்டிய இடத்தில் கிடக்கும் இரையை அது இறங்கி உண்ண இயலாது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருளகம் என்ற தொண்டு நிறுவனம் இப்பகுதியின் கால்நடை வளர்ப்போர், மருந்துக் கடைக்காரர், பழங்குடி மக்கள், பள்ளி மாணவர் ஆகியோரிடையே பல ஆண்டுகளாகப் பரப்புரை செய்துவருகிறது. உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியினர் இங்குள்ள கூடுகளை ஆராய்ந்துள்ளனர். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநில அளவிலான பாறு பாதுகாப்புக் குழுவை அமைத்தது.

கணக்கெடுப்புகள் கூறுவது

பறவைக்கு மாநில எல்லை தெரியாது. காலையில் முதுமலையில் கண்ட பாறை மாலையில் பந்திப்பூரில் எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆகவே தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒரே நாட்களில் கணக்கெடுக்கத் தொடங்கின.

2023 பிப்ரவரி: 246 பறவைகள்.
2023 திசம்பர்: 320 பறவைகள்.
2025இல் வெளியான மூன்றாவது கணக்கெடுப்பு: 390 பறவைகள், இவற்றுள் தமிழ்நாட்டில் 157.

இரண்டாவது கணக்கெடுப்பில் வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு 4 பதிவாயின. இவற்றோடு வடக்கிலிருந்து வழிதவறியோ வலசையாகவோ வந்த இமயமலைப் பாறு ஒன்றும் கரும்பாறு ஒன்றும் காணப்பட்டன.

இவ்வெண்களை மாணவர்கள் கவனத்துடன் படிக்க வேண்டும். பத்து மாதங்களில் 74 பறவைகள் கூடியிருப்பது பிறப்பால் மட்டும் நிகழ்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். 246 பறவைகள் என்றால் மிகையாகக் கணக்கிட்டாலும் 123 இணைகள்தாம்; அவற்றுள் முதிராத இளம்பறவைகளும் அடக்கம். எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை. எல்லாக் குஞ்சுகளும் பிழைப்பதில்லை. எனவே உயர்வின் ஒரு பகுதி, எண்ணுவோருக்குப் பழக்கம் கூடியதாலும் பருவம் மாறியதாலும் வந்திருக்கும். மூன்று கணக்கெடுப்புகளும் உறுதியாகச் சொல்வது இதுதான்: கூட்டம் சரியவில்லை, கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. இருபது ஆண்டுகள் வீழ்ச்சியை மட்டுமே பதிவுசெய்த வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

வெண்தலைக் கழுகோடு ஓர் ஒப்பீடு

மனிதன் பரப்பிய வேதிப்பொருளால் வீழ்ந்து, அதை விலக்கியதால் மீண்ட பறவைக்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு. இது மீனுண்ணும் பறவை. ஆறுகளையும் ஏரிகளையும் சார்ந்து வாழ்வது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களில் தெளிக்கப்பட்ட டி.டி.டி. பூச்சிக்கொல்லி மழைநீரோடு ஆற்றில் கலந்து, மீன்வழியே கழுகின் உடலில் சேர்ந்தது. அதனால் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் முட்டைகள் உடைந்தன. 1963இல் அலாசுக்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் 417 இணைகளே எஞ்சியிருந்தன. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற நூல் டி.டி.டி.யின் தீங்கை மக்கள்முன் வைத்தது. 1972இல் அந்நாடு அதைத் தடைசெய்தது. 2007இல் ஏறத்தாழ 10,000 இணைகள் இருந்த நிலையில், அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து அக்கழுகு நீக்கப்பட்டது. பல மாநிலங்களின் ஆறுகளில் மக்கள் மறந்தே போயிருந்த பறவை மீண்டும் மீன் பிடித்தது.

பாறு அதே வேகத்தில் மீளும் என்று எதிர்பார்க்க முடியாது. வெண்தலைக் கழுகு ஒன்று முதல் மூன்று முட்டைகள் இடும். பாறு ஒன்றே இடும். டி.டி.டி. முட்டைகளைக் கெடுத்தது; வளர்ந்த கழுகுகளில் பல உயிரோடு இருந்தன. டைக்ளோஃபினாக்கோ ஐந்தாண்டு வளர்ந்து இனப்பெருக்க வயதை அடைந்த பறவைகளையே கொன்றது. மேலும் டி.டி.டி. வயலில் தெளிக்கும் பொருள். தெளிப்பதை நிறுத்தினால் போதும். டைக்ளோஃபினாக் இன்றும் மனித மருந்தாக ஒவ்வொரு ஊர் மருந்துக் கடையிலும் உள்ளது. அது மாட்டுக்குப் போகாமல் காப்பது, ஒவ்வொரு தொழுவத்திலும் எடுக்கப்படும் முடிவைப் பொறுத்தது.

மதுரைச் சமவெளி

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் இரைகொல்லிப் பறவைகளுக்கு இன்றும் இடம் தருகின்றன. மேலூர் வட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.215 எக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்குப் பதிவான சுமார் 250 பறவையினங்களுள் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, இராசாளிக் கழுகு ஆகிய மூன்றும் சிறப்பாகக் குறிக்கப்படுகின்றன. 2024 நவம்பரில் இப்பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்சுடன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டபோது மேலூர் வட்டார மக்கள் திரண்டெழுந்தனர். திசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் நடுவண் அரசு ஏலத்தை இரத்து செய்தது. குன்று நின்றதால் வல்லூறும் நிற்கிறது.

ஆனால் குன்று மட்டும் பாறுகளைக் கொண்டுவராது. பவானிசாகரிலிருந்து மதுரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். உணவு தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கவல்ல பறவைக்கு இது பெருந்தொலைவன்று. தடையாக இருப்பது உணவே.

திருப்பரங்குன்றத்தை அடுத்த அவனியாபுரம் தொடங்கிப் பாலமேடு, அலங்காநல்லூர் வரை இது மாடு வளர்ப்போரின் பூமி. எனினும் இங்கு வெட்டவெளியில் கிடக்கும் மாட்டு உடல் இன்று அரிது. உழவுக்கு டிராக்டர் வந்தபின் மாடுகளின் தேவை குறைந்தது. வயதான மாடுகள் சந்தை வழியாகக் கேரளத்துக்கு இறைச்சிக்குச் செல்கின்றன. சல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை மரியாதையோடு புதைக்கப்படுகிறது. எஞ்சியவையும் சுகாதாரம் கருதிக் குழிக்குள் போகின்றன. ஊரோரத்துப் புறம்போக்கில் பாறுகள் பந்தியமர்ந்த முறையே மறைந்துவிட்டது. நஞ்சு முற்றிலும் நீங்கினாலும், அந்தப் பழைய காட்சி அப்படியே திரும்ப வழியில்லை.

ஆகவே பாறுகளின் மீட்சி காடு சார்ந்ததாகவே முதலில் அமையும். இறந்த காட்டு விலங்குகளின் உடலைப் புதைக்காமலும் எரிக்காமலும் இயன்றவரை காட்டிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று பறவையியலாளர்கள் வலியுறுத்துகின்றனர். 2020இல் வெளியான தேசிய செயல்திட்டம் மேலும் சில மாநிலங்களில் பாறு இனப்பெருக்க மையங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. அரியானாவின் பிஞ்சோரில் இத்தகைய மையம் 2000களின் தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. அங்கிருந்து 2020 முதல் பறவைகள் காட்டில் விடப்பட்டன. எங்கே விடலாம் என்பதை முடிவுசெய்வது கூண்டிலுள்ள பறவைகளின் எண்ணிக்கையன்று; சுற்றுவட்டார மாடுகளுக்கு எந்த ஊசி போடப்படுகிறது என்பதே.

முடிவுரை

பாறுகளைக் கொல்ல யாரும் திட்டமிடவில்லை. வலியால் துடித்த மாட்டுக்கு மருந்து கொடுத்தது இரக்கத்தால் செய்த செயல். அந்த மருந்து எங்கெல்லாம் பயணிக்கும் என்பது மட்டும் தெரியாமலிருந்தது. இப்போது தெரியும். தீங்கற்ற மாற்று மருந்தும் கையில் உள்ளது. வீட்டில் மாடு வைத்திருப்போர், ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு, டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமெசுலைட் ஆகிய நான்கையும் தவிர்த்து மெலாக்சிகாம் கேட்டுப் பெறலாம். மோயாற்றங்கரையின் நீர்மருது மரத்தில் இவ்வாண்டு இடப்படும் ஒற்றை முட்டையிலிருந்து வரும் குஞ்சு, கூடு கட்ட இன்னும் ஐந்தாண்டுகள் ஆகும். அதுவரை அது உண்ணும் ஒவ்வொரு வேளையும் நஞ்சற்றதாக இருக்க வேண்டும்.